மழைநாளில் ஒட்டாதீர்கள்: கையால் கிட்டார் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், ஐப்பசி அடைமழையில், அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பி பெரம்பூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று, துண்டில் சுற்றிப் பாலிதீன் உறைக்குள் போட்டு ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய முதல் கிட்டாரின் மேற்பலகை. இரண்டு ஸ்ப்ரூஸ் மரத் துண்டுகளை நடுவில் இணைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. உள்ளே ஒட்ட வேண்டிய தாங்குசட்டங்களையும் சீவித் தயாராக வைத்திருந்தார்.

"கிளாம்ப் மட்டும் போதவில்லை அண்ணா. இங்கேயே இன்று ஒட்டிவிடலாமா?"

சுவரில் இருந்த ஈரப்பத மீட்டர் 83 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "மரம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, நன்றாகக் காய்ந்த மரம்தான்" என்றார். இதே வார்த்தையை இதே மாதத்தில் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேராவது சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உளியைத் தீட்டாமல் வேலை தொடங்குவது, கோட்டுக்கு உள்ளே அறுத்துவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மரமே ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடும். மாதக் கணக்கில் ஒளிந்திருந்து பிறகு வெளியே வரும் தவறுகள்தான் என் கவலை.

மேற்பலகையைத் தடிமனாக விடுவது

இது பயத்தால் வரும் தவறு. ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றன என்று படித்ததும் கை நடுங்குகிறது. 4 மில்லிமீட்டரில் இழைப்புளியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்தக் கிட்டார் உடையவே உடையாது, ஒலிக்கவும் ஒலிக்காது. தட்டினால் அரிவாள்மணைப் பலகையின் சத்தம்தான் வரும்.

கிட்டாரின் ஒலி பெரும்பாலும் மேற்பலகையில்தான் இருக்கிறது. ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகை நல்ல மரம். பின்புறமும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டை. ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை மெய்ப்பிக்கவே அப்படிச் செய்தார் என்பார்கள். அது இன்னும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரும்புத் தந்திக் கிட்டாருக்கு ஸ்ப்ரூஸ் என்றால் நான் 2.8 மில்லிமீட்டர் பக்கம் வந்ததும் அளவுகோலை ஓரமாக வைத்துவிடுவேன். பலகையின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டுவேன். தட்டிய சத்தம் உடனே செத்துவிட்டால் இன்னும் இழைக்க வேண்டும். ஓரிரு நொடி நின்று முழங்கினால் நிறுத்திக்கொள்வேன். மென்மையான பலகை 3-இலேயே நிறுத்தச் சொல்லும், விறைப்பான பலகை 2.6 வரை இடம் கொடுக்கும்.

ஃபிரெட் கணக்கு

கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிதான் ஃபிரெட். அடுத்த ஃபிரெட்டின் தூரத்தைக் கணக்கிட, மீதமுள்ள தந்தி நீளத்தை 18-ஆல் வகுக்காதீர்கள். 17.817-ஆல் வகுங்கள்.

மழைநாளில் ஒட்டுவது

நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு கிட்டார் கலைஞர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார். நாள் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கிறவர். கார்த்திகை மாதம். ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தாங்குசட்டங்களை ஒட்டினேன். பெட்டியை மூடினேன். தையில் கிட்டாரைக் கையில் கொடுத்தேன். அதற்கு முன் நான் செய்தவற்றில் எதுவும் அப்படி ஒலித்ததில்லை.

மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். "தந்தி ஃபிரெட்டில் பட்டு இரைகிறது" என்றார். மேற்பலகைப் பக்கம் தந்திகள் படிந்து நிற்கும் சிறு துண்டான சேடிலைச் சிறிது உயர்த்திக் கொடுத்தேன். இன்னும் இரண்டு வாரம் கழித்து, "கழுத்தின் ஓரம் உள்ளங்கையைக் கீறுகிறது" என்றார். போய்ப் பார்த்தேன். கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் கருங்காலி சுருங்கிப்போய், ஒவ்வொரு ஃபிரெட்டின் முனையும் மீன் முள்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அரம் போட்டு முனைகளை மழுக்கிவிட்டு வந்துவிட்டேன். பங்குனியில் அவரே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சேடிலைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் ஓரத்தில் தொடங்கி அடிமுனை வரை மேற்பலகை மர ரேகை வழியே பிளந்திருந்தது. என் கட்டைவிரல் நகம் அந்த விரிசலுக்குள் போனது.

அந்தக் கிட்டார் சென்னையை விட்டு எங்கும் போகவில்லை. பெரம்பூரிலிருந்து கோடம்பாக்கம் போனது, அவ்வளவுதான். ஆனால் அங்கே அது இருந்த அறையில் இரவும் பகலும் ஏசி ஓடியது. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலிருக்கும் நீரையும் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. பிறகு ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டு போய் அங்கே வைத்துப் பார்த்தேன், 42 காட்டியது. அதே நேரத்தில் வாசலில் 70-க்கு மேல்.

நடந்தது இதுதான். மரம் ஒரு முறை காய்ந்துவிட்டால் காய்ந்தபடியே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையல்ல. மூன்று வருடமல்ல, முப்பது வருடம் காய்ந்த மரமும் காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் கக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றால், ஸ்ப்ரூஸ் தன் உலர் எடையில் சுமார் 15 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். 45 சதவீதக் காற்றில் 8 சதவீதம்தான் வைத்துக்கொள்ளும். குடித்தால் உப்பும், கக்கினால் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவே கிடையாது. குறுக்குவாக்கில்தான் அசைவெல்லாம். அகலமான பகுதியில் 400 மில்லிமீட்டர் இருக்கும் மேற்பலகை, 80-லிருந்து 45-க்கு வரும்போது 3 மில்லிமீட்டருக்கும் மேல் சுருங்கப் பார்க்கும்.

தனிப் பலகையாக இருந்தால் சுருங்கிவிட்டுப் போகட்டும். நாமோ அதன் ரேகைக்குக் குறுக்கே சட்டங்களை ஒட்டியிருக்கிறோம். சட்டத்தின் நீளம் மாறாது. பலகை சுருங்கப் பார்க்கிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. முதலில் பலகை உள்வாங்கிக் குழிகிறது, தந்தி தாழ்ந்து இரைகிறது. அதற்கு மேல் தாங்க முடியாதபோது பிளக்கிறது. அவர் முதல் முறை அழைத்தபோதே அந்தக் கிட்டார் நோயைச் சொல்லிவிட்டது. நான் சேடிலை உயர்த்தி அதன் வாயை அடைத்தேன்.

எதிர்த்திசை இவ்வளவு மோசமில்லை. உலர்ந்த காற்றில் ஒட்டிய கிட்டார் மழைக்காலத்துக்கு வந்தால் மேற்பலகை சற்றுப் பருக்கும், தந்தி உயரும், வாசிக்கக் கொஞ்சம் கடினமாகும். பனிக்காலம் போனதும் இறங்கிவிடும். பெரும்பாலும் பிளக்காது. ஆகவே கிட்டார் போய் வாழப்போகும் இடத்தைவிட உலர்ந்த இடத்தில் அதை ஒட்ட வேண்டும். 45 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் சென்னை, பெங்களூரு, டெல்லி எங்கே போனாலும் பெரும்பாலும் தப்பிக்கும்.

இதைச் சொன்னால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "தஞ்சாவூர் வீணை ஆசாரிகள் மீட்டர் வைத்துக்கொண்டா செய்தார்கள்?" இந்தக் கேள்வி எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது, ஏனென்றால் கேட்பவர் வீணையையும் பார்க்கவில்லை, கிட்டாரையும் பார்க்கவில்லை. வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து எடுப்பது. 2.8 மில்லிமீட்டர் தகட்டின் மேல் குறுக்குச் சட்டம் ஒட்டும் வேலை அதில் இல்லை. அதன் மெட்டுகள், அதாவது வீணையின் ஃபிரெட்டுகள், மெழுகில் நிற்கின்றன. பருவம் மாறி சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி சுருதிக்குப் பொருத்தி மேளம் கட்டிக்கொள்ளலாம். அந்த ஆசாரிகள் இந்த ஊர்க் காற்றை அறிந்து, அதற்கு இடம் விட்டே வாத்தியத்தை அமைத்திருக்கிறார்கள். கிட்டாரில் ஃபிரெட்டைப் பள்ளத்தில் அடித்து இறக்கிவிடுகிறோம். திருத்த இடமே இல்லை. இது வேறு காற்றில் பிறந்த வாத்தியம், அதற்குரிய காற்றை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

பெரிய செலவு வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய இரும்பு பீரோ. தட்டுகளைக் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு 40 வாட் குண்டு பல்புகள், அவற்றுக்கு மேல் வெப்பம் மரத்தில் நேராகப் படாமல் ஒரு தகரம், அதற்கு மேல் கம்பிவலை. 28 டிகிரியில் 80 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், நீர் அதே அளவு இருந்தும் ஈரப்பதம் 45-க்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் சூத்திரம். ஒரு சிறு அறையும் ஈரநீக்கி இயந்திரமும் இருந்தால் இன்னும் நல்லது. உறைக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பாதீர்கள், ஒரு கிட்டாருக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போலக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் 5 கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பலகை தயாராகிவிட்டதா என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். பீரோவுக்குள் வைக்கும் முன் ஒரு முறை, பிறகு காலையும் இரவும் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். அடுத்தடுத்து மூன்று முறை ஒரே எடை வந்தால் மரமும் காற்றும் சமாதானம் ஆகிவிட்டன என்று பொருள். சட்டங்களையும் கூடவே வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே ஒட்டி, கிளாம்ப் போட்டு, அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். ஒட்டுவதற்கு நடுவே டீ குடிக்கப் போகக் கூடாது. இவ்வளவு மெல்லிய பலகை மழைக்காற்றில் சில மணி நேரத்திலேயே உப்பத் தொடங்கிவிடும்.

கத்திரி வெயிலில் மதியம் மேல்காற்று அடிக்கும்போது மீட்டர் தானாகவே 40 பக்கம் இறங்குவதைப் பார்த்து, அன்றைக்குப் பீரோ வேண்டாம் என்று சிலர் ஒட்ட உட்கார்கிறார்கள். கடற்காற்று வந்ததும் அதே மீட்டர் ஒரு மணி நேரத்தில் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோடம்பாக்கத்துக்காரருக்குப் புதிய கிட்டார் ஒன்று செய்துகொடுத்தேன், பணம் வாங்கவில்லை. பிளந்ததை வைத்துக்கொண்டு உள்பக்கம் சிறு ஸ்ப்ரூஸ் சில்லுகளை ஒட்டி விரிசலைத் தைத்தேன். அது பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் விரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் ஓட்டிக்காட்டுகிறேன்.

எண்ணெய் மரத்தைத் துடைக்காமல் ஒட்டுவது

காரைக்குடி வீடுகளை இடித்த பர்மா தேக்கு மலிவாகக் கிடைத்தது என்று அதில் கிட்டாரின் கழுத்தைச் செய்ய வருகிறார்கள். எடை கூடுதல் என்பது ஒரு பக்கம். தேக்கிலும் ஈட்டியிலும் இருக்கும் இயற்கை எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் புதிதாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்த உடனே ஒட்டுங்கள். நேற்று இழைத்த முகத்தில் இன்று ஒட்டாதீர்கள்.

ரசீது இல்லாத ஈட்டி மரம்

வாங்காதீர்கள். ஈட்டி மரத்தைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் உலக வணிகத்திலும் கட்டுப்பாடு. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தாலும் மரக்கட்டைக்கு இல்லை.

பிரிட்ஜுக்கு அடியில் பாலிஷ்

பளபளவென்று லாக்கர் அடித்துவிட்டு அதன் மேலேயே பிரிட்ஜை ஒட்டுகிறார்கள். பசை மரத்தைப் பிடிக்கவில்லை, லாக்கரைப் பிடித்திருக்கிறது. ஒரு மே மாதப் பிற்பகலில் காருக்குள் கிடந்தால் போதும், தந்தி மொத்தமும் சேர்ந்து பிரிட்ஜைப் பெயர்த்து எடுத்துவிடும். பிரிட்ஜ் உட்காரும் இடத்தைக் கத்தி முனையால் கோடிட்டு, அதற்குள் இருக்கும் லாக்கரை வெறும் மரம் தெரியும் வரை சுரண்டுங்கள். கோட்டை அழுத்திப் போட்டால் மேற்பலகையின் நாரே அறுந்துவிடும், தலைமுடியைப் பிளக்கும் அளவுக்கு மெதுவாகப் போடுங்கள்.

சேடில்

ஃபிரெட் கணக்கின் தந்தி நீளம் முடியும் இடத்துக்கு 2 மில்லிமீட்டர் பின்னால் வையுங்கள். தடித்த தந்திப் பக்கம் இன்னும் 2 அல்லது 3 பின்னால்.

மழையில் லாக்கர்

வெண்படலம் படியும். காத்திருங்கள்.

அம்பத்தூர் தம்பியின் பலகை இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. வைத்த அன்று 238 கிராம். தினமும் வேலை முடிந்து வருகிறார், பல்பு வெளிச்சத்தில் பலகையை எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பென்சிலால் பீரோக் கதவில் எழுதிவிட்டுப் போகிறார். நேற்று இரவு 228. இன்று காலை நான் போட்டபோது 227. இன்னும் ஒட்டவில்லை.