பி.எட். கல்லூரி மன்றங்களில் எங்கே சறுக்குகிறது?

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு என்று பேர்தான். மன்ற வேலைக்குக் கையில் கிடைப்பது ஓராண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி 20 வாரம் பள்ளியில் பயிற்சிக்கு (இன்டர்ன்ஷிப்) இருக்க வேண்டும்: முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். பள்ளியிலிருந்து திரும்பியதும் ரெக்கார்டு (பயிற்சிப் பதிவேடு), செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வு என்று வரிசை கட்டி நிற்கும். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் மாதத்திலேயே தமிழ் மன்றம், அறிவியல் மன்றம், யூத் ரெட் கிராஸ், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான ரெட் ரிப்பன், நாட்டு நலப்பணித் திட்டம் என ஐந்திலும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஆறாம் மாதத்தில் பார்த்தால் ஐந்திலும் நாற்காலி போட்ட வேலை மட்டும்தான் நடந்திருக்கும். ஒரு மன்றத்தில் பொறுப்பு எடுங்கள். இன்னொன்றில் உறுப்பினராக இருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இதே கணக்கில் இன்னொரு ஓட்டை. செயலாளர், பொருளாளர் இருவரையும் இரண்டாமாண்டிலிருந்தே தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் இன்டர்ன்ஷிப் போன அன்றைக்கே மன்றம் படுத்துவிடும். இணைச் செயலாளர் முதலாண்டு மாணவராக இருக்கட்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன் கூட்டக் குறிப்பேடு, கணக்கு நோட்டு, மீதிப் பணம் மூன்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

எந்த மன்றம் என்பதிலும் யோசனை வேண்டும். இளங்கலையில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் 7 நாள் சிறப்பு முகாமும் முடித்தவர், இங்கேயும் அதையே திரும்பச் செய்வதில் பெரிய லாபம் இல்லை. பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் தலையில் முதலில் விழுவது ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், சுற்றுச்சூழல் மன்றம், இலக்கிய மன்றம் ஆகியவைதான். "நீங்க சின்ன வயசு சார், நீங்களே பாத்துக்கோங்க" என்று சீனியர்கள் நைசாகத் தள்ளிவிடுவார்கள். அதில் ஒன்றை இங்கேயே பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பொன்னாடையில் கரையும் கூட்டம்

ஒன்றரை மணி நேரக் கூட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. உறுப்பினர்கள் எதையாவது செய்த நேரம் பத்து நிமிடம்கூடத் தேறாது. நாளைக்கு உங்கள் பள்ளியில் மன்றத்துக்குக் கிடைக்கப்போவது ஒரு பாடவேளை, கிட்டத்தட்ட 40 நிமிடம். அதற்குள் ஒரு கூட்டத்தை முடிக்கத் தெரியாமல் போவதற்குக் காரணம், இங்கே அதை ஒருமுறைகூடச் செய்து பார்க்காததுதான்.

ஆகவே சிறப்பு விருந்தினர் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். மற்ற கூட்டங்களை 40 நிமிடத்தில் அடக்குங்கள்: தொடக்கத்துக்கு 3 நிமிடம், போன கூட்டத்தின் கணக்குக்கும் முடிவுகளுக்கும் 5, செயல்பாட்டுக்கு 22, கலந்துரையாடலுக்கு 7, அடுத்த வேலையை யார் எந்தத் தேதிக்குள் செய்வது என்று பெயர் எழுத 3. பெயரும் தேதியும் இல்லாத தீர்மானம் காற்றில் போய்விடும்.

செயல்பாடு என்றால் பேச்சு அல்ல. அறிவியல் மன்றம் என்றால் பள்ளிப் பாடநூலில் உள்ள ஒரு சோதனையை, பள்ளியில் கிடைக்கும் பொருட்களை மட்டும் வைத்து, ஐந்து பேர் கொண்ட குழுக்களாகச் செய்து பார்ப்பது. கல்லூரி ஆய்வகத்தின் கருவிகளைக் கொண்டு செய்தால் நன்றாகத்தான் வரும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போனதும் கை கட்டிப்போகும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். பி.எட். வகுப்பில் இருபத்தொரு வயதுப் பெண்ணும் இருப்பார், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் அக்காவும் இருப்பார், நாற்பதைத் தொடுபவரும் இருப்பார். கல்லூரிப் பேருந்து கிளம்பிய பிறகு கூட்டம் வைத்தால் விடுதி மாணவர்கள் மட்டுமே மன்றம் என்றாகிவிடும். பிறகு "அவங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பேசுவது நியாயமில்லை. முதல்வரிடம் கேட்டு, கால அட்டவணைக்குள்ளேயே இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை வாங்குங்கள்.

நண்பர்கள் சொல்லும் "நல்லா இருந்துச்சு"

ஒரு நேரத்தில் ஒரு கற்பித்தல் திறனை மட்டும் எடுத்து, சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது மைக்ரோ டீச்சிங். அது முழுக்கவும் சக மாணவர்களை நம்பி நடக்கிற வேலை. முறையான சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. நடைமுறையில் முதல் ஆறு நிமிடம் நடக்கும். பிறகு "சூப்பர்டா" என்ற ஒற்றை வார்த்தை. மீதி ரெக்கார்டில் மட்டும் நடக்கும். 12 நிமிட மறுதிட்டமிடலை வெட்டினால், இரண்டாம் முறையும் அதே தவறோடுதான் வகுப்பு எடுப்பார்கள்.

பின்னூட்டம் பலவீனமாக இருப்பதற்குக் காரணம் நட்பு மட்டுமல்ல, என்ன பார்ப்பது என்று யாருக்கும் சொல்லப்படாததும்தான். வினா கேட்கும் திறன் என்றால், பார்வையாளர் ஒருவர் கோடு போட்டு எண்ணட்டும்: எத்தனை கேள்வி, அதில் ஆம்-இல்லை வகை எத்தனை, கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருந்தது எத்தனை முறை, கேட்டவரே பதிலும் சொன்னது எத்தனை முறை. எண்ணைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து பேர் குழுவில் ஒரு திறனுக்கு 180 நிமிடம் ஆகும். அதை ஒரே மதியத்தில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பகிர்வதற்கும் எல்லை உண்டு. சார்ட், மாதிரிகள், பிளாஷ் கார்டு ஆகியவற்றைக் குழுவாகச் செய்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சார்ட் எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது; செய்து முடித்ததும் அங்கே போய் நின்று பாருங்கள். பாடக்குறிப்பை மட்டும் நகல் எடுக்காதீர்கள். வழிகாட்டி ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்டால், நோக்கமும் மதிப்பீடும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

வருகை, பணம்

கல்லூரி வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீதம், இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். 16 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 80 நாள். மொத்தமாக விடக்கூடியது 8. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு இரண்டு நாள், விழா ஏற்பாட்டுக்கு மூன்று நாள் என்று போனால், காய்ச்சல் வரும்போது கையில் மூன்று நாள்தான் மிஞ்சும். ஓ.டி. (வெளிப்பணிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) வேண்டுமானால் கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். இன்டர்ன்ஷிப்பில் கல்லூரி, பள்ளித் தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

பொங்கல் விழாவுக்குத் தலைக்கு நூறு ரூபாய் வசூலித்து, ஒருவரின் ஜிபே கணக்கில் போட்டு, அவர் சொந்தச் செலவோடு கலந்து போவதுதான் பெரும்பாலான சண்டைக்கு விதை. யாரும் திருடியிருக்க மாட்டார்கள்; கணக்குதான் இருக்காது. வரவு, செலவு, தேதி, ரசீது எண், இருவர் கையெழுத்து என ஒரு நோட்டுப் போடுங்கள். பூ வாங்கியதுபோல் ரசீது கிடைக்காத செலவுக்குத் துண்டுச் சீட்டில் வாங்கியவர் எழுதிக் கையெழுத்திடட்டும். விழா முடிந்து மூன்று நாளுக்குள் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கென்று (டெட்) நூறு பேர் குழு தொடங்கினால் பிடிஎஃப் குவியும், படிப்பு நடக்காது. நான்கைந்து பேர் போதும். பி.எட். முடிப்பவர்கள் எழுதும் இரண்டாம் தாளில் 150 வினா. அதில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, உங்கள் பாடப்பிரிவு 60. அந்த முதல் 30, முதலாண்டில் படிக்கும் உளவியலோடு ஒட்டியே வரும். எனவே வாரம் ஒருவர் பத்து வினா தயாரித்து, தவறான விடைகள் ஏன் தவறு என்றும் விளக்கட்டும். வினா எடுப்பவருக்குத்தான் அதில் லாபம் அதிகம்.

இன்டர்ன்ஷிப் பள்ளியில் பிள்ளைகளோடு எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் வைப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். முகம், சீருடை, பள்ளிப் பலகை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால், அந்தக் குழந்தை தினமும் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். ரெக்கார்டுக்குப் படம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டு, பின்பக்கமிருந்து எடுங்கள். அச்சுப் போட்டு ஒட்டியதும் போனிலிருந்து அழித்துவிடலாம்.