முத்துக் கம்மல் பொண்ணு ஓவியத்தை ஜூம் பண்ணி எப்படிப் பார்க்கலாம்

டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்ச முத்துக் கம்மல் பொண்ணை யாரோ ஒருத்தர் டிபியிலயாவது பார்த்திருப்பீங்க. ஒரிஜினல் நெதர்லாந்துல, ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹைஸ் மியூசியத்துல இருக்கு, 1665 வாக்குல வரைஞ்சது, 44.5க்கு 39 செ.மீ. தான், நேர்ல போறவங்க பெரிய படமா இருக்கும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க. போக முடியாதவங்களுக்கு 2018ல ஆயிரம் கோடி பிக்சல்ல எடுத்த ஸ்கேன் நெட்லயே இருக்கு, போனை விட லேப்டாப்ல பார்த்தா நல்லா தெரியும்.

முதல்ல முழுப் படத்தையும் வச்சு வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. நமக்கு இடது பக்கம்.

அடுத்து மூஞ்சிய விட்டுட்டு நேரா கம்மலுக்குப் போங்க, எவ்ளோ முடியுமோ அவ்ளோ ஜூம். காதுல மாட்டுற கொக்கியே இருக்காது! மேல பளிச்னு ஒரு வெள்ளைத் தீத்தல், கீழ சட்டை காலர் பட்டுத் திரும்புற மங்கலான வெளிச்சம், அவ்ளோதான், நடுவுல இருக்குறது கழுத்து நிழலோட நிறம். முத்துக்கு ஓரக்கோடுகூட கிடையாது, உருண்டையாக்குறது நம்ம கண்ணுதான், அந்த வெள்ளைத் தீத்தலை மட்டும் விரலால மறைச்சுப் பாருங்க, கம்மலே காணாமப் போயிடும்.

இதே வேலைதான் மூக்குலயும். வெளிச்சம் படுற பக்கம் மூக்குத்தண்டு எங்க முடியுது கன்னம் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு தேடுங்க, கிடைக்காது. உதட்டோரத்துல குட்டியா ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், உதடு ஈரமா தெரியுறது அதனாலதான்.

தலைத்துணி நீலத்துக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, லாபிஸ் லசூலி கல்லை அரைச்சு எடுத்த கலர், அந்தக் காலத்துல பயங்கர காஸ்ட்லி.

பின்னாடி இருட்டா இருக்குன்னு தாண்டிடாதீங்க, அங்க பச்சைத் திரை ஒண்ணு இருந்திருக்குன்னு 2018ல நடந்த ஆராய்ச்சியில தெரிஞ்சுது, நிறம் மங்கிப் போச்சு. கண் இமை முடியும் வரைஞ்சிருக்கார்னு அதே ஆராய்ச்சியிலதான் தெரிஞ்சுது, ஆனா வெறும் கண்ணுல தெரியாது, அதைத் தேடி கண்ணு வலிக்க வேணாம்.

யாரு இந்தப் பொண்ணுன்னு கூகுள் பண்றது என்னைக் கேட்டா வேஸ்ட். இது டிரோனி வகை, குறிப்பிட்ட ஆளை வரையாம பொதுவா ஒரு வகை முகத்தை, டிரெஸ்ஸை வரையுறது. 1881ல ஏலத்துல வெறும் ரெண்டு கில்டருக்கு (அப்போதைய டச்சு காசு) போச்சு, மேல 30 சென்ட் கமிஷன், வாங்கினவர் சாகுறப்ப மியூசியத்துக்கே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு.