பிரெஞ்சுக் காதல் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது எப்படி?

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், ஓரிரு நாளில் தோன்றி மறையும் காதலைச் சொல்லும் சிறிய பிரெஞ்சுப் படமொன்றைத் திரையிட விரும்புவோர், உரிமையாளரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி பெற்ற பிறகே சப்டைட்டில் எழுத உட்கார வேண்டும்.

முதலில் 'வூ', 'த்யூ' என்னும் சொற்கள் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை நம் 'நீங்கள்', 'நீ' போன்றவை என்பதால், ஆங்கில வரிகளைப் பார்த்து மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ரயிலடியில் "நீங்கள் எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்ட பெண், மறுநாள் காபிக் கோப்பையை நகர்த்தியபடி "நீ தூங்கவில்லையா?" என்றால், நெருக்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. கணவரை ஆயுள் முழுதும் 'நீங்க' என்றே அழைத்த நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். சப்டைட்டில் கோப்பினை, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டும் யூடிஎஃப்-8 (UTF-8) என்னும் எழுத்துக் குறியீட்டு வடிவில் சேமித்து, திரையிடும் கணினியிலேயே முந்தின நாள் ஓட்டிப் பாருங்கள்.