கணவன்/மனைவிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: ஸ்பான்சரின் வருமானக் கணக்கை எப்படிப் போடுவது?

கல்யாணம் முடிந்து, ஐ-130 பெட்டிஷன் (அமெரிக்க சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ தன் கணவனையோ மனைவியையோ கூட்டிவரப் போடும் மனு; போடுபவர்தான் ஸ்பான்சர்) போட்டு, அது அப்ரூவ் ஆகி வந்த பிறகுதான் பல வீடுகளில் வருமானப் பேச்சே ஆரம்பிக்கிறது. மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் என்னிடம் இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "எங்க பொண்ணுக்கு இங்கே நல்ல சம்பளம். அவ அப்பா பேர்ல ஃபிளாட் இருக்கு. அது போதாதா சார்?" போதாது. அமெரிக்க அரசு பார்ப்பது அங்கே இருக்கும் மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறார், அதற்கு வரி கட்டியிருக்கிறாரா என்பதைத்தான். பெண் அங்கே இருந்து மாப்பிள்ளை மும்பையில் இருந்தாலும் இதே கதைதான். ஆளை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை பெட்டிஷன் போடும் அன்றே போட்டுப் பார்த்துவிடுங்கள். பெட்டிஷன் நகர்வதற்கு எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். வருமானம் குறைந்தால் வேலை மாறவோ, விட்டுப்போன வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவோ அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். கடைசியில் ஓடினால், போன வருட டாக்ஸ் ரிட்டர்னை யாராலும் புதிதாக உருவாக்கித் தர முடியாது.

முதல் படி: எந்த ஃபாரம், யார் கையெழுத்து

ஃபாரத்தின் பெயர் ஐ-864, அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட். 'நான் கூட்டிவருபவர் அரசாங்க உதவியில் வாழும் நிலை வராது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுக்கும் சட்டபூர்வமான ஒப்பந்தம் இது. பெட்டிஷன் போட்டவர்தான் இதில் கையெழுத்திட வேண்டும். அவருக்கு வருமானமே இல்லை, வேறொருவர் கைகொடுக்கப் போகிறார் என்றாலும் இவருடைய ஐ-864 இல்லாமல் ஃபைல் நகராது. "அண்ணன் ஸ்பான்சர் பண்றார், அதனால மாப்பிள்ளை ஃபாரம் வேண்டாம்" என்று நினைத்து அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஐ-864இஇசட் என்று சின்ன ஃபாரம் ஒன்றும் இருக்கிறது. வருவது ஒரே ஆள், ஸ்பான்சரின் வருமானம் முழுக்க டபிள்யூ-2 (வருடச் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் தரும் சான்று) காட்டும் சம்பளம் அல்லது பென்ஷன், வேறு யார் உதவியும் வேண்டாம் என்றால் அது போதும். ஐ-134 என்ற இன்னொன்று நிச்சயதார்த்த விசாவுக்கானது. கல்யாணம் ஆனவர்களுக்கு அதோடு வேலை இல்லை.

இரண்டாம் படி: குடும்பத்தில் எத்தனை பேர்

ஸ்பான்சர் ஒன்று, வரப்போகும் மனைவி அல்லது கணவன் ஒன்று. அதற்கு மேல், ஸ்பான்சரின் 21 வயதுக்கு உட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகள், அவர் டாக்ஸ் ரிட்டர்னில் டிபெண்டன்ட் என்று காட்டியிருப்பவர்கள். கடைசியாக, பலர் மறப்பது: முன்பு ஐ-864 போட்டு அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வந்திருந்தால், அந்தப் பொறுப்பு இன்னும் முடியாதவரை அவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணாதீர்கள். மனைவிதான் வரப்போகிறவர் என்றால், 'மனைவி' என்று ஒரு தடவையும் 'வரப்போகிறவர்' என்று ஒரு தடவையும் எழுதி மூன்று பேர் கணக்குக் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீணாக வரம்பை உயர்த்திக்கொள்வதுதான் அதில் மிச்சம்.

மூன்றாம் படி: வரம்பு எவ்வளவு

அமெரிக்க சுகாதாரத் துறை வருடா வருடம் ஒரு வறுமைக் கோட்டை அறிவிக்கிறது. அதில் 125 சதவீதம் வேண்டும். ஐ-864பி என்ற அட்டவணையில் 125 சதவீதத்தையும் போட்டே வைத்திருப்பார்கள். 2025 அட்டவணைப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி அட்டவணை, தொகை கொஞ்சம் கூடுதல். ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவியையோ பிள்ளையையோ கூப்பிட்டால் 100 சதவீதமே போதும். நீங்கள் ஃபாரம் போடும் வருடத்து அட்டவணையைப் பாருங்கள்; பழைய வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்ப வேண்டாம்.

தொகையைப் பார்த்ததும் "இவ்வளவுதானா!" என்பார்கள். முழு நேர வேலையில் ஒழுங்கான சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிய தொகை இல்லைதான். சிக்கல் வருவது அடுத்த படியில்.

நான்காம் படி: எது வருமானம்

ஸ்பான்சரின் இப்போதைய ஆண்டு வருமானம்தான் முக்கியம். அதை நம்ப வைப்பது கடைசியாகத் தாக்கல் செய்த டாக்ஸ் ரிட்டர்ன். 1040 ஃபாரத்தில் (அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன்) 'டோட்டல் இன்கம்' என்ற வரியில் உள்ள தொகையைத்தான் ஐ-864இல் எழுத வேண்டும். கடைசி வருட ரிட்டர்ன் கட்டாயம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களுடையது உங்களுக்குச் சாதகமாக இருந்தால் சேர்க்கலாம்.

என் யோசனை, ரிட்டர்ன் நகலுக்குப் பதில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) தரும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ரிட்டர்னின் சுருக்கப் பதிவை, எடுங்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரிட்டர்ன் நகல் என்றால் கூடவே டபிள்யூ-2, 1099 (மற்ற வருமானங்களுக்கான சான்று) எல்லாம் தேட வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் இருந்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது சொந்தத் தொழில்காரர்களுக்கு வருவோம். டாக்ஸி ஓட்டும் ஒருவர் வருடத்துக்கு 60,000 டாலர் வசூல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், கார் தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழித்து வரியைக் குறைக்க ஆடிட்டர் லாபத்தை 19,000 என்று காட்டியிருப்பார். வேறு வருமானம் இல்லையென்றால் டோட்டல் இன்கம் வரியில் வருவது 19,000தான். விசா அதிகாரிக்கு அவர் 19,000 டாலர் ஆள். வரி மிச்சம் பிடித்தபோது சந்தோஷம், ஸ்பான்சர் செய்யும்போது திண்டாட்டம். ஹோட்டலிலோ பெட்ரோல் பங்க்கிலோ கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிக் கணக்கில் காட்டாதவர்களுக்கும் இதே நிலைதான்.

போன வருடம் படித்துக்கொண்டிருந்தார், இப்போதுதான் வேலை கிடைத்தது என்றால் பயப்பட வேண்டாம். சேர்ந்த தேதி, பதவி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் இருக்கும்படி கம்பெனியிடம் ஒரு கடிதமும், சமீபத்திய பே ஸ்டப்களும் (சம்பளச் சீட்டு) வாங்கி வையுங்கள். ரிட்டர்ன் குறைவாக இருந்தாலும் இப்போதைய வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று இவற்றால் காட்டலாம்.

மும்பையில் இருப்பவரின் சம்பளம்? அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து அதே வருமானம் சட்டப்படி தொடரும் என்றால் மட்டும்தான் கணக்கில் வரும். பவாய் ஆபீஸில் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போகிறவரின் சம்பளம், மாதம் எத்தனை லட்சம் என்றாலும், இங்கே பூஜ்யம். இதை வீட்டில் பெரியவர்களுக்குப் புரிய வைப்பது கொஞ்சம் கஷ்டம். "அவ சம்பளம் மாப்பிள்ளையைவிட ஜாஸ்தி!" என்பார்கள். ஜாஸ்திதான் மாமா, ஆனால் அது இங்கேயே நின்றுவிடுகிறதே.

ஐந்தாம் படி: குறைந்தால் என்ன வழி

மூன்று வழிகள் உண்டு. ஸ்பான்சரோடு அதே வீட்டில் வசிக்கும் அண்ணன், அம்மா போன்ற உறவினர் சம்பாதித்தால், அவர் ஐ-864ஏ-யில் கையெழுத்திட்டுத் தன் வருமானத்தைச் சேர்க்கலாம். ஒரே முகவரிக்கு அத்தாட்சி வேண்டும்.

இரண்டாவது, சொத்து. குறையும் தொகையின் மூன்று மடங்கு காட்ட வேண்டும், ஸ்பான்சர் அமெரிக்க சிட்டிசன் என்றால். கிரீன் கார்டுக்காரர் என்றால் ஐந்து மடங்கு. மேலே சொன்ன டாக்ஸிக்காரரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் குடும்பம், வரம்பு 26,437, அவரிடம் 19,000. குறைவது 7,437. சிட்டிசன் என்றால் 22,311 டாலர் சொத்து போதும். கிரீன் கார்டு என்றால் 37,185.

இங்கேதான் மும்பைக் குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பு. வரப்போகிறவரின் சொந்தச் சொத்தும் சேரும், ஒரு வருடத்துக்குள் பணமாக்க முடிந்தால். ஃபிக்ஸட் டெபாசிட் இருப்பதிலேயே சுலபம்: பாங்கின் கடிதம், 12 மாத ஸ்டேட்மென்ட், அன்றைய மாற்று விகிதம். நேற்றுதான் மாமனார் கணக்கிலிருந்து வந்து விழுந்த பணம் என்றால் கேள்வி வரும். எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் வையுங்கள். இந்தியாவிலிருந்து பணத்தை வெளியே எடுத்துப்போக முடியுமா என்று கேட்டால், ரிசர்வ் பாங்கின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்று சொல்லுங்கள்.

ஃபிளாட் என்றால் வேலை கூடுதல். அது வரப்போகிறவர் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் முலுண்ட் ஃபிளாட்டை, 'நாளைக்கு அவளுக்குத்தானே' என்று காட்ட முடியாது. மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் எடுத்து, அதில் ஹோம் லோன் பாக்கியைக் கழிக்க வேண்டும். பத்திரப்பதிவில் தரும் இண்டெக்ஸ்-2 மராத்தியில் இருக்கும். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'எனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் சேர்க்க வேண்டும். நகையைக் காட்டலாமா என்று கேட்பார்கள். டெபாசிட் இருக்கும்போது அதற்காக மெனக்கெட மாட்டேன் நான்.

மூன்றாவது, ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது தனியாக ஒரு ஐ-864 போட்டுப் பொறுப்பேற்கும் இன்னொருவர். நடைமுறையில் நம்மவர்கள் அதிகம் போவது இந்த வழியில்தான். அவர் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டுக்காரரா, 18 வயது ஆனவரா, அமெரிக்காவில் வசிப்பவரா என்று மூன்றையும் பாருங்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, நண்பரும் போடலாம். ஆனால் அவர் தனியாகவே வரம்பைத் தாண்ட வேண்டும். மாப்பிள்ளையின் 19,000-ஐயும் அவருடைய தொகையையும் கூட்டிக் காட்ட முடியாது. அவர் குடும்பத்தோடு வரப்போகிறவரையும் சேர்த்துத்தான் தலை எண்ண வேண்டும்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ஐந்து பேர் கணக்கு, 2025 அட்டவணைப்படி 47,062 டாலர்.

நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா பையனுக்கு போன் போட்டு "ஒரு கையெழுத்துதாண்ணா" என்று கேட்காதீர்கள். அது வெறும் கையெழுத்து இல்லை. வந்தவர் அமெரிக்க சிட்டிசன் ஆகும் வரை, அல்லது 40 காலாண்டு (ஏறக்குறைய பத்து வருட) வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும் வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரை பொறுப்பு தொடரும். விவாகரத்து ஆனாலும் தீராது. அதோடு, தன் டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எல்லாவற்றையும் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். தன் சம்பளம் சொந்தத்துக்குள் தெரிவதைப் பலர் விரும்புவதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்துக் கேட்டால், அவர் சரி என்றாலும் இல்லை என்றாலும் உறவு கெடாது.

ஆறாம் படி: ஸ்பான்சர் இங்கேயே இருந்தால்

அமெரிக்க பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தானேயில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு இரண்டு வேலை. வெளிநாட்டில் இருந்தாலும் வருமானம் வரிக் கணக்கு தாக்கலுக்கான வரம்பைத் தாண்டினால் சிட்டிசன் அமெரிக்க வரிக் கணக்கு காட்டியாக வேண்டும். விட்டுப்போயிருந்தால் முதலில் அதைத் தாக்கல் செய்யுங்கள். அப்புறம், மனைவியோடு, அல்லது அவருக்கு முன்பே, அமெரிக்காவில் குடியேறப்போவதைக் காட்ட வேண்டும். வேலைக்கான ஆஃபர், வாடகை ஒப்பந்தம், பாங்க் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி விசாரித்த கடிதங்கள், இவையெல்லாம் உதவும். இங்கே வாங்கும் சம்பளம் அங்கே தொடராது என்றால் இவர்களுக்கும் ஜாயின்ட் ஸ்பான்சரோ சொத்தோ தேவைப்படும்.

ஏழாம் படி: ஏற்றுவதும் இன்டர்வியூவும்

பெட்டிஷன் அப்ரூவ் ஆனதும் ஃபைல் நேஷனல் விசா சென்டருக்கு (இன்டர்வியூவுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசு அலுவலகம்) போகும். மும்பைக்கான கேஸ் நம்பர் பிஎம்பி என்ற எழுத்துகளில் தொடங்கும். ஐ-864 பரிசீலனைக்கு 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர் கட்டணம். பிறகு டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்திட்ட ஐ-864-ஐயும் மற்ற காகிதங்களையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்கட்டும். பெயரை டைப் அடித்தால் செல்லாது. எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்கள். தலை எண்ணிக்கை ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் மூன்று என்று இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்டர்வியூ பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். ஃபாரம் ஏற்றிய நாளுக்கும் இன்டர்வியூவுக்கும் நடுவே மாதங்கள் ஓடியிருக்கும், ஏப்ரல் 15 கடந்திருந்தால் புது வருட ரிட்டர்னும் வந்திருக்கும். அந்தப் புது டிரான்ஸ்கிரிப்டையும் கடைசி பே ஸ்டப்களையும் கையில் கொண்டு போங்கள். இடையில் ஸ்பான்சர் வேலை மாறியிருந்தால் புதுக் கம்பெனிக் கடிதமும் வேண்டும்.

வருமானம் போதவில்லை என்று அதிகாரி நினைத்தால் 221(ஜி) என்று போட்ட ஒரு காகிதம் தருவார். ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று அங்கேயே அழுதுகொண்டு வெளியே வருபவர்கள் உண்டு. என்ன காகிதம் குறைகிறது, ஜாயின்ட் ஸ்பான்சர் வேண்டுமா என்று அதிலேயே எழுதியிருக்கும். கேட்டதை மட்டும், கேட்ட முறையில், ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் அதே கேஸில் மேலே பார்ப்பார்கள்; புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை.