வேகன்ஆர் பணத்தில் சூப்பர்ப் வாங்கிய கணக்கு

எங்கள் அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கோபியிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சின்னக் காரின் பின்சீட்டில் போய் இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே நிற்பார். "காலை நீட்ட எடம் இருந்தாப் போதுங் கண்ணு" என்பார். 2024-இல் நான் கார் தேட ஆரம்பித்தது அதற்காகத்தான். கையில் எட்டு லட்சம் இருந்தது. புதிதாக எடுத்தால் வேகன்ஆர் மாதிரி ஒன்று. பத்து வருடப் பழையது என்றால் ஸ்கோடா சூப்பர்ப், ஹோண்டா அக்கார்ட், டொயோட்டா கேம்ரி என்று ஆசை எங்கெங்கோ போகிறது.

நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். வண்டியையும் கணக்காகத்தான் பார்த்தேன். முதலில் புரிந்தது இதுதான்: காரின் விலை வருடா வருடம் இறங்கும், அதன் ஸ்பேர் விலை இறங்காது. ஆறு லட்சத்துக்கு வாங்கினாலும் பட்டறையில் அது இருபது லட்ச ரூபாய் வண்டிதான். எனவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அது அவசரத்துக்கான பணம் இல்லை, முதல் வருடமே நிச்சயம் செலவாகப் போகிற பணம்.

வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போங்கள். கோயமுத்தூரில் ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கிற தனிப் பட்டறைகள் இருக்கின்றன. நினைத்திருக்கும் மாடலைச் சொல்லி, நான்கு டயர், சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம், கியர்பாக்ஸ் ஆயில், டைமிங் பெல்ட், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் ஒன்றின் மேல் என் வீட்டுக்காரருக்கு ஒரு கண். அந்த ஏர் சஸ்பென்ஷனை ஒரு பக்கம் மட்டும் மாற்ற ஆகும் விலையைக் கேட்டதும் அவரே நோட்டை மூடிவிட்டார்.

சூப்பர்ப் என்று முடிவானதற்குக் காரணம் பின்சீட்டின் கால் இடம். அந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் எந்த கியர்பாக்ஸ் என்பதுதான் பெரிய கேள்வி. 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் வருவது 7 கியர், உலர் கிளட்ச். கியரைத் தானாக மாற்றிக் கொடுக்கிற அதன் மெக்கட்ரானிக் பாகம் கைவிட்டால் செலவு பெரிது என்பது பட்டறைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கதை. 2.0 டீசலில் 6 கியர், கிளட்ச் ஆயிலிலேயே கிடக்கும். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்த்தது, பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நின்ற வேறொரு கார். மீட்டரில் 71,000. தண்ணீர் விட்டுத் துடைத்து, டயருக்குக் கறுப்பு தடவி, கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. சீட்டில் ஏறும்போது டிரைவர் கதவின் ஓரத்தில் பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அடுத்த சர்வீஸ் 1,38,000-இல் என்று பேனாவில் எழுதியிருந்தது. "அது வேற வண்டி ஸ்டிக்கருங் மேடம், பசங்க மாத்தி ஒட்டிட்டாங்க" என்றார் அங்கிருந்தவர். பிரேக் பெடலின் ரப்பரைக் குனிந்து பார்த்தேன், வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அந்தப் பசங்க அதையும் மாற்றி ஒட்டியிருப்பார்கள் போல. மீட்டரை நம்பாதீர்கள். பெடல், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இந்த மூன்றும் பொய் சொல்லாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2015-இல் சென்னை, 2018-இல் கேரளா, 2023-இல் மறுபடி சென்னை. அந்த வண்டிகளும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியின் கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

எங்கள் வண்டி கோயமுத்தூரில் ஒரு வீட்டில் கிடைத்தது. 2013 மாடல் டீசல், 84,000 கிலோமீட்டர், பில் எல்லாம் ஒரு பைலில். காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டோம். ஆறின எஞ்சினில்தான் புகையும் சத்தமும் உள்ளபடி தெரியும். அப்புறம் ஏசி போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு காந்திபுரம் நெரிசலுக்குள் விட்டோம். கியர்பாக்ஸ் சரியில்லை என்றால் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போகும்போதுதான் உதறும். அத்தையோடு சேர்த்து ஐந்து பேர் ஏறிக்கொண்டு ஒரு வேகத்தடையையும் கடந்து பார்த்தோம். நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுக்கும் அடங்காதவை. ஆளில்லாத வண்டி தாண்டிவிடும், குடும்பத்தோடு போனால் அடி தட்டும். கடைசியாகப் பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். 7.25 லட்சம் கேட்டார்கள், 6.40-க்கு முடிந்தது.

காகித வேலை சுருக்கம்தான். ஆர்.சி. மாற்ற 29, 30 படிவங்கள். கடன் இருந்த வண்டி என்றால் பேங்க்கின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) 35-ஆம் படிவமும். டெல்லி, புதுச்சேரி நம்பர் மலிவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும், அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். 15 வருடம் நெருங்கும் வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் வரும். கிளெய்ம் வாங்காததற்காக இன்சூரன்ஸில் விற்பவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பழைய ஃபாஸ்டேக்கைக் கிழித்து எறிந்தால் மட்டும் போதாது, அவரே அதை முடிக்க வேண்டும்.

முதல் வருடக் கணக்கு இது. டயர் 36,000. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 32,000. சஸ்பென்ஷன் புஷ், மவுண்ட் 28,000. இன்சூரன்ஸ் 19,000. கியர்பாக்ஸ் ஆயில் 16,000. பேட்டரி 9,500. ஆக 1,40,500. கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கோயமுத்தூர் போய் வந்தால் லிட்டருக்குப் பதினான்கு கிடைக்கிறது.

பின்கதவில் குடை வைக்க ஒரு பொந்து உண்டு. எங்களுக்குக் குடை வரவில்லை, பொந்து மட்டும் வந்தது. அத்தை அதில் கைத்தடியைச் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து வருகிறார்.

நான் போடாமல் விட்ட செலவு ஒன்றும் இருந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு வழக்கமாக நாங்கள் கொடுப்பது 2,000. இந்த வருடம் நோட்டைக் கொண்டுவந்த பங்காளி வாசலில் நின்ற வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் பெயருக்கு நேரே அவரே 5,000 என்று எழுதிக்கொண்டார். கூடுதல் 3,000-ஐ வண்டிச் செலவில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.