வெளிநாட்டு டாக்டர் ஒருவர் இந்தியா வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டால் எப்படி வழிகாட்டுவது

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டராக, நர்ஸாக இருக்கும் நம்மவர்கள் பலரிடம் இந்தக் கேள்வி வந்திருக்கும். கூட வேலை செய்யும் டாக்டர், நல்ல மனுஷர், ஒரு நாள் மனம் வெறுத்துப்போய்ச் சொல்வார்: ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம், அதில் பாதி கம்ப்யூட்டரில் தட்டுவதற்கே போகிறது, ஒவ்வொரு மருந்துக்கும் இன்சூரன்ஸ்காரரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது, இதற்காகவா படித்தேன், இந்தியாவில் டாக்டரே இல்லாத இடத்துக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன், உங்கள் ஊர்தானே, வழி சொல்லுங்கள். நாம் சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிடுகிறோம், இல்லையென்றால் "அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று முடித்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். முறையாக வந்தால் இங்கே அவருக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

முதலில் அவர் களைத்திருக்கிறாரா, இல்லை வேலையின் மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று பேசிப் பாருங்கள். தூக்கம் இல்லை, குடி கூடியிருக்கிறது, காலையில் எழவே பிடிக்கவில்லை என்றால் அவருக்குத் தேவை ஓய்வும் சிகிச்சையும்தான், விமான டிக்கெட் இல்லை. நம் ஊர் ஏழை நோயாளி ஒரு டாக்டரின் மனச்சோர்வுக்கு மருந்தாக இருக்கக் கடமைப்பட்டவர் இல்லை. இதை நண்பரிடம் நேராகச் சொல்ல நமக்குத்தான் உரிமை இருக்கிறது, சொல்லிவிடுங்கள். நோயாளியோடு உட்காரும் நேரம் மட்டும் அவருக்கு இன்னும் பிடித்திருக்கிறது, மற்றதெல்லாம்தான் வெறுத்துவிட்டது என்றால் மேலே பேசலாம்.

அப்புறம் வேலூர் கதையைச் சொல்லுங்கள். ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. அவர் ராப்பகலாக வைத்தியம் பார்த்தார், உண்மை. ஆனால் 1918இல் இங்குள்ள பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாரே, அதனால்தான் அவர் போன பிறகும் அந்த இடம் வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் படித்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் படும் காயங்களால்தான் கை கால் சிதைகிறது என்று பார்த்து, மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ததோடு நிற்காமல் காலுக்குச் செருப்பு, கைக்குத் தொழில் என்று யோசித்தார். உங்கள் நண்பர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் கிளம்பிய பிறகு இங்கே எவர் கையில் என்ன இருக்கும்?

அதனால் தனியாக வந்து ஒரு குடிசையில் கிளினிக் போடும் கனவை விட்டுவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேரூன்றிய இடத்தில், அவர்கள் சொல்லும் வேலையைச் செய்ய வர வேண்டும். தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் 1993இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி தொடங்கிய பழங்குடி மருத்துவமனை இருக்கிறது; அந்த ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று அங்கே வேலை பார்க்கிறார்கள். கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக அஸ்வினி, சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில் ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக், மகாராஷ்டிராவில் கட்சிரோலி, ஜாம்கெட் என்று இன்னும் பல இருக்கின்றன. கடிதம் எழுதும்போது "நான் வந்து உதவட்டுமா" என்று எழுதினால் பதில் வருவது கஷ்டம். தன் துறை என்ன, எத்தனை மாதம் இருக்க முடியும், என்ன சொல்லித்தர முடியும் என்று எழுதி, உங்களுக்கு இது தேவையா என்று கேட்க வேண்டும். தேவையில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர், அல்ட்ராசவுண்ட் சொல்லித்தருபவர், வலிப்பு நோய் தெரிந்தவர், இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும். இரண்டு வாரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதைவிட வராமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஆறு மாதமாவது இருந்தால்தான் ஊர் அவரை நம்பத் தொடங்கும்.

சரி, காகித வேலை. இதில்தான் நல்ல மனசோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கல்கத்தா நடைபாதை மக்களுக்கு வைத்தியம் பார்த்த பிரிட்டிஷ் டாக்டர் ஜாக் பிரெகர் அனுமதி விவகாரத்தில் பல வருடம் கோர்ட் ஏறி இறங்க வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவில் வந்து ஸ்டெதஸ்கோப்பை மாட்டக் கூடாது. சம்பளம் இல்லாமல் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யவும் எம்ப்ளாய்மென்ட் விசாவில் ஒரு வழி இருக்கிறது. எந்த நிறுவனம், எந்த இடம் என்று அதிலேயே குறித்துத் தருவார்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், பதிய வேண்டும். விசாவைத் தவிர தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவும் வேண்டும், அதற்கு அழைக்கும் மருத்துவமனைதான் துணை நிற்க வேண்டும். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி தாமதமானால் அதுவரை நோயாளியைத் தொடாமல் செய்யக்கூடிய வேலை, அதாவது ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பது, பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவது மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று அந்த நிறுவனத்திடமே கேட்கலாம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி அங்கே சாதாரணம். இங்கே பெண் சிசுக் கருக்கொலையைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் அவரைவிட அழைத்த ஆஸ்பத்திரிக்குத்தான் பெரிய ஆபத்து. காலாவதி ஆகப்போகும் மருந்து மூட்டையும் வேண்டாம். பணம் தர விரும்பினால் அந்த நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி, இருக்கிறதா என்று கேட்டு, அந்தக் கணக்கு வழியாகவே தரட்டும். சொந்த ஊர் லைசென்ஸையும் கைவிட்டுவிடக் கூடாது. பிரிட்டன் டாக்டர் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மறுமதிப்பீடு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசி வைக்கட்டும்.

படிப்பு விஷயத்தில் அவர் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். அங்கே இருபது வருட அனுபவம் இருக்கும், ஆனால் நல்லபாம்புக் கடியையும் கண்ணாடி விரியன் கடியையும் பார்த்திருக்க மாட்டார். விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கடிபட்டவரின் ரத்தத்தை எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது இங்கே நர்ஸுக்குக்கூடத் தெரியும், அவரிடம் கற்றுக்கொள்ளட்டும். காய்ச்சலோடு வருகிறவர் உடம்பில் அக்குள், இடுப்பு மடிப்பு என்று தேடி, சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புத் தழும்பு இருந்தால் உண்ணிக் காய்ச்சலை நினைப்பது, பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் எப்படிக் கொடுப்பது, நீலகிரிப் பழங்குடியினரிடம் உள்ள அரிவாள் செல் நோய், இதெல்லாம் புத்தகத்தில் படித்தது, கையால் பார்த்ததில்லை. காசநோய் என்று தெரிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012இலிருந்து கட்டாயம். மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. நோயாளிக்கு அது கிடைக்கிறதா என்று கேட்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

முதல் மாதம் அவர் எதையும் மாற்ற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஊசி போடவில்லை என்றால் வைத்தியமே இல்லை என்று நினைக்கிற நோயாளிகளிடம் அங்கிருக்கும் டாக்டர் எப்படிப் பேசி மாத்திரையோடு அனுப்புகிறார் என்று கவனிக்கட்டும். எம்ஆர்ஐ எழுதும் முன், அதற்காக அந்தக் குடும்பம் ஆட்டை விற்குமா, எத்தனை நாள் கூலி போகும், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கப் பழகட்டும். அதற்காக ஏழைதானே என்று தரம் குறைந்த வைத்தியமும் கூடாது, அதில் நான் கறாராக இருப்பேன். தேவையான பரிசோதனையை முதலமைச்சர் காப்பீட்டிலோ அரசு மருத்துவமனையிலோ எப்படி வாங்கித்தருவது என்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் வழி. கிராம சுகாதார செவிலியரோடு ஒரு நாள் முழுக்க வீடு வீடாகப் போனால் இதில் பாதி புரிந்துவிடும். தமிழ் கொஞ்சமாவது கற்க வேண்டும். எப்போதும் மொழிபெயர்க்க ஒரு நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஏற்கெனவே ஆள் இல்லாத வார்டில் இன்னும் ஒரு ஆள் குறைகிறது.

நோயாளிகளைப் படமெடுத்துப் போடுவது கூடாது, சம்மதம் கேட்டாலும் கூடாது. டாக்டர் கேட்டால் மறுக்கத் தெரியாது அவர்களுக்கு.

கிளம்பும் தேதியை வந்த அன்றே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். அவர் தொடங்கிய நீண்டகால மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும்: வலிப்பு மாத்திரை யாருக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வேண்டிய வாத இதய நோய்க் குழந்தைகள் யார், காசநோய் மருந்தில் எத்தனையாவது மாதம், அடுத்து யார் பார்ப்பார்கள். கடைசி மாதம் அந்த நோயாளிகளை அங்கேயே இருக்கப்போகிற டாக்டரோ நர்ஸோ பார்க்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நோட்டு உள்ளூர் ஆளுக்குப் படித்துப் புரிகிற கையெழுத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.