பைக் செயின்: சுத்தம் செய்வது, ஆயில் விடுவது, தொய்வைச் சரிசெய்வது

செயின் சத்தம் போட்டால் பலரும் மெக்கானிக்கிடம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, கொஞ்சம் டைட் வச்சு விடுங்க." எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. ஆனால் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, அதைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மும் மேலும் கீழும் அசையும். அப்போது செயினுக்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும். இல்லாவிட்டால் இழுவை முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கில் விழும். அதை மாற்றுகிற செலவில் செயின் செட்டே வாங்கிவிடலாம். மறுபக்கம், தொய்வு மிகுந்தால் செயின் கழன்று சக்கரத்தையே பூட்டிவிடும். ஆகவே அளந்துதான் வைக்க வேண்டும்.

தேவையானவை: ஆக்சில் நட்டுக்கும் (பின்சக்கர அச்சில் உள்ள நட்டு) அட்ஜஸ்டருக்கும் (தொய்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு) பொருந்தும் ஸ்பேனர்கள், ஸ்கேல், மென்மையான பிரஷ், பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே.

1. வண்டியை நிறுத்துங்கள்

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து ஸ்பிராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) போய்த் துண்டாகிவிடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிச் செய்யலாம்.

2. அழுக்கை எடுங்கள்

மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிடுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கூடவே கூடாது. ரிங் கெட்டால் உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். முழுக் கவர் போட்ட வண்டிகளில் கவரைக் கழற்றினால்தான் இந்த வேலை நடக்கும்.

3. ஆயில் விடுங்கள்

கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெல்லிதாக விடுங்கள். ஓடும்போது ஆயில் வெளிப்பக்கம் பரவிக்கொள்ளும். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டயரிலோ டிஸ்க்கிலோ சொட்டக் கூடாது. எஞ்சினில் வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதில் கலந்திருக்கும் உலோகத்தூள் செயினைத்தான் தின்னும்.

4. தொய்வை அளந்து சரிசெய்யுங்கள்

இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே, கீழ்ச்செயினை விரலால் மேலும் கீழும் தள்ளி, மொத்த அசைவை ஸ்கேலில் பாருங்கள். தினசரி ஓட்டும் பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும். கவர் போட்ட வண்டியில் ரப்பர் மூடியைக் கழற்றினால் செயின் தெரியும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே மிகவும் இறுக்கமோ அங்கே அளந்ததுதான் கணக்கு.

அளவு தப்பினால் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு இருபக்க அட்ஜஸ்டரையும் ஒவ்வொரு தடவையும் கால் சுற்றாகத் திருகுங்கள். ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகள் இடமும் வலமும் ஒத்து வர வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் சக்கரம் சாய்ந்து நிற்கும். ஆக்சில் நட்டை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். காட்டர் பின் புதிதாகப் போடுங்கள்.

பின்னால் டிரம் பிரேக்கா? சக்கரம் நகர்ந்ததால் பெடல் ஆட்டமும் மாறியிருக்கும். அதையும் பிரேக் லைட்டையும் பார்த்துவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது?

பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதியதையும் சீக்கிரம் தேய்த்துவிடும். செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாகவே வாங்குங்கள். செயினின் இரு முனைகளையும் இணைப்பது கிளிப் வைத்த செயின் லாக் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

திறந்த செயினுக்கு சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் போதும். மழையில் நனைந்து வந்தால் கணக்குப் பார்க்காமல் துடைத்து அன்றைக்கே விட்டுவிடுங்கள்.